சந்தை, சோலை, கோயில் : சுவான்சௌ நகரும் அதன் தமிழ்க் கற்களும்

ஒரு நகரின் வரலாற்றை அரசர் ஆண்டுக்குறிப்புகளைக் கொண்டு எழுதுதல் ஒரு முறை. அந்நகரின் அங்காடிகளையும் சோலைகளையும் கோயில்களையும் அடியாகக் கொண்டு எழுதுதல் பிறிதொரு முறை. இவற்றுள் பின்னது தமிழ்ப் புலவர்க்குப் புதியதன்று. இந்திர விழவூரெடுத்த காதையில் இளங்கோவடிகள் காட்டும் நாளங்காடி, மரம் செறிந்த சோலையில் மரங்களையே கால்களாகக் கொண்டு அமைந்தது. காவற்பூதத்தின் பலிபீடிகையும் ஆங்கேயே இருந்தது. சந்தையும் சோலையும் கோயிலும் ஓரிடத்தே ஒன்றாய் நின்ற நிலை அது. துறைமுக நகரங்களின் இயல்பு இதனால் ஓரளவு விளங்கும்.

இவ்வியல்பினைச் சீன நாட்டின் தென்கீழ்க் கரையில், ஃபூசியான் மாநிலத்தில் உள்ள சுவான்சௌ நகரில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கி.பி. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இந்நகரில் கிடைத்தமையால் இதன் பெயர் தமிழறிஞர் பலர்க்கும் தெரிந்ததே. ஆயினும், அக்கல்வெட்டைப் பற்றி எழுதுவோர் அதனைத் தனியே எடுத்துத் தமிழர் பெருமைக்குச் சான்றாக்குவதோடு அமைகின்றனர். அக்கல் நின்ற தெரு எத்தகையது, அதன் அயலில் எவ்வெக் கோயில்கள் இருந்தன, அதனை எழுப்பிய கைகள் எப்பொருளை விற்றுப் பொன் ஈட்டின என்னும் வினாக்கள் எழுவதில்லை. நகரை விடுத்துக் கல்லைப் படித்தல், பாட்டை விடுத்து ஒரு சொல்லுக்கு மட்டும் உரை காண்பதனோடு ஒக்கும்.

1. மரத்தால் பெற்ற பெயர்

இடைக்காலத்து அரபியரும் ஐரோப்பியரும் இந்நகரைச் சைத்தூன் என வழங்கினர். அரபு மொழியில் அச்சொல் ஒலிவ மரத்தைக் குறிக்கும். 14ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த இபின் பதூதா, பெயர் சைத்தூன் ஆயினும் இந்நகரில் ஒலிவ மரம் இல்லை என வியந்து எழுதினார். உண்மையில் அப்பெயர் சிதோங் என்னும் சீனச் சொல்லின் திரிபு. சிதோங் என்பது முள்ளுடைத் தண்டும் செந்நிறப் பூவும் கொண்ட மரம். 10ஆம் நூற்றாண்டில் நகர் மதிலை விரிவாக்கிய லியு சோங்சியாவோ என்னும் தலைவர் மதிலைச் சூழ இம்மரங்களை நடுவித்தார் எனக் கூறுவர். கடலினின்று வருவோர் கண்ட செந்நிற வேலி அதுவே போலும்.

அம்மரம் நமக்கு அயலானதன்று. சங்கப் புலவர் முருக்கு எனவும் கவிர் எனவும் கூறுவதும், இன்று முள்முருக்கு, கலியாண முருங்கை என வழங்குவதும் இம்மரத்தையே. தமிழ் வணிகர் இந்நகரை அடைந்தபோது தம் ஊர் வேலிகளில் பூத்த மரத்தையே மதிற்புறத்தும் கண்டிருப்பர். மரம் இருநாட்டிலும் இயல்பாய் வளர்வது. ஆதலின் இதனைக் கொண்டு தொடர்பொன்றை நிறுவ இயலாது. அயல்நாட்டார் நாவில் இந்நகர் ஒரு மரத்தின் பெயரால் வாழ்ந்தது என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது. இன்றும் நகரின் மலராகக் கொள்ளப்பெறுவது இதுவே.

2. சோலையில் எழுந்த கோயில்

நகரின் தலையாய கோயில் மேலைத் தெருவில் உள்ள கையுவான் பௌத்தக் கோயில். அது கி.பி. 686இல் தோன்றியது. அதன் தோற்றக் கதை ஒரு சோலையைப் பற்றியது. ஹுவாங் ஷௌகோங் என்னும் செல்வர்க்குப் பட்டுப்புழு வளர்ப்பதற்குரிய பெரிய முசுக்கொட்டைத் தோட்டம் ஒன்று இருந்தது. துறவி ஒருவர் கோயில் கட்ட அந்நிலத்தை வேண்டினார். முசுக்கொட்டை மரங்களில் தாமரை பூக்குமாயின் தருவேன் என்றார் செல்வர். சில நாளில் அவ்வாறே பூத்தது, நிலம் கோயிலாயிற்று. தாமரைக் கோயில் என முதலில் பெயர் பெற்ற அது, 738 முதல் கையுவான் என வழங்கலாயிற்று. அத்தோட்டத்து மரம் எனப் போற்றப்பெறும் முதிய முசுக்கொட்டை ஒன்று இன்றும் வளாகத்துள் நிற்கிறது. 1925இல் இடி வீழ்ந்து மூன்றாகப் பிளந்த பின்னும் அது தழைக்கின்றது.

கதையின் புனைவை நீக்கிப் பார்ப்பின் எஞ்சுவது ஒரு பொருளியல் உண்மை. பட்டு, அக்காலக் கடல் வணிகத்தின் முதற்சரக்குகளுள் ஒன்று. முசுக்கொட்டைத் தோட்டம் அப்பட்டின் வேர். சந்தைக்குச் சரக்கீந்த தோட்டமே கோயிலுக்கு நிலமும் ஈந்தது.

கோயிலின் அகன்ற முற்றத்தில் ஆலினத்து முதுமரங்கள் நிழல் செய்கின்றன. அதற்கப்பால் உள்ள பெருமண்டபத்தை நூற்றுக்கால் மண்டபம் என்பர். எண்ணிப் பார்ப்பின் தூண்கள் 86 எனக் கூறுவர். ஆயிரங்கால் மண்டபங்களில் ஆயிரம் என்னும் எண்ணை நாம் எவ்வாறு கொள்கிறோமோ அவ்வாறே இதனையும் கொள்ளல் வேண்டும். உத்திரங்களைத் தாங்கும் போதிகைகளில் சிறகுடைய தெய்வ மகளிர் இருபத்து நால்வர் இசைக்கருவிகளும் பிறவும் ஏந்தித் தோன்றுகின்றனர். மண்டபத்தின் இருமருங்கும் கற்கோபுரங்கள் இரண்டு உள. மேற்கோபுரம் 1228 முதல் 1237 வரையிலும், கீழ்க்கோபுரம் 1238 முதல் 1250 வரையிலும் கல்லால் எழுப்பப்பெற்றன. மேற்கோபுரத்தில் வாளேந்திய குரங்குமுக வீரன் ஒருவனின் சிற்பம் உளது. சீனக் கதைமரபின் குரங்கு வீரனாகிய சுன் வூகோங்கின் முன்வடிவம் என்பர் சிலர். அனுமனின் சாயல் என்பர் சிலர். ஒரு சிற்பத்தை வைத்து இவ்வழக்கைத் தீர்த்தல் அரிது.

3. தெருவும் காற்றும்

கையுவான் கோயிலின் வாயிலைக் கடந்தவுடன் தொடங்குவது கடைத்தெரு. நூலினும் மெல்லிய கோதுமை இழைகளைக் குழையவிட்ட கஞ்சி, கடற்சிப்பியும் கிழங்குமாவும் கலந்து வார்த்த அடை, நிலக்கடலையை வேகவைத்த இனிப்புநீர் ஆகியன அத்தெருவின் உண்பொருள்கள். கோயிலுக்கு வருவோரே கடைக்கும் வருவோர். நகரின் தென்பகுதியில் தூமென் தெருவில் இந்நெருக்கம் இன்னும் மிகுதி. 1009இல் தோன்றி 1310இல் புதுக்கப்பெற்ற கல்மசூதி, போர்வீரனாக வாழ்ந்து தெய்வமாகிய குவான் யூவின் கோயில், கன்பூசியசின் கோயில் ஆகிய மூன்றும் ஒன்றற்கொன்று சிறுதொலைவில் உள்ளன. தெற்கு வாயிலுக்கு அப்பால் உள்ள ஒரு பழந்தெருவின் பெயர் ‘செல்வம் திரள் தெரு’ எனப் பொருள்படும். அயல்நாட்டுச் சரக்குகள் அங்கே கைமாறின.

சுங் அரசு 1087இல் இந்நகரில் கடல்வணிக அலுவலகம் நிறுவியது. வரும் கலங்களின் சரக்கை ஆராய்ந்து வரி கொள்வதும், செல்லும் கலங்கட்கு இசைவு தருவதும் அதன் பணிகள். அவ்வலுவலர்க்கு மற்றுமொரு கடமை இருந்தது. பருவக்காற்றைத் தொழுதல் அது. நகர்க்கு வெளியே உள்ள ஒன்பதாம்நாள் மலையில் அலுவலர் கூடிக் கலங்களுக்கு நற்காற்று வேண்டி வழிபட்டு, அந்நிகழ்ச்சியைப் பாறையில் பொறித்தனர். 1174 முதல் 1266 வரையிலான அப்பொறிப்புகள் இன்றும் உள்ளன. வரி கொள்ளும் கையே மலர் தூவிய இச்செயல், சந்தையும் கோயிலும் இந்நகரில் எத்துணை இயைந்திருந்தன என்பதைத் தெளிவாகக் காட்டும்.

வந்த சரக்குகள் யாவை? 1974இல் சுவான்சௌ விரிகுடாச் சேற்றிலிருந்து சுங் காலத்து இறுதியில் மூழ்கிய கலம் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பெற்றது. நறுமண மரங்கள், குந்திரிக்கம், மிளகு, பாக்கு, சோழி ஆகியன அதில் இருந்தன. உடையவர் பெயர் எழுதிய மரச்சீட்டுகளும் இருந்தன. மார்க்கோ போலோ, அலெக்சாந்திரியாவுக்கு ஒரு மிளகுக் கலம் செல்லுமாயின் சைத்தூனுக்கு நூறு செல்லும் என்னும் கருத்துப்பட எழுதினார். எண் மிகையாகலாம், ஆயினும் மிளகின் போக்கு எத்திசையது என்பதில் ஐயமில்லை. அகழ்ந்த கலம் வைக்கப்பெற்றுள்ள இடம் கையுவான் கோயில் வளாகமே. பட்டுத் தோட்டத்து மரமும், மிளகு ஏற்றிய கலமும், புத்தர் திருமேனியும் இன்று ஒரே மதிலுக்குள் உள்ளன.

4. தெருப்பெயரில் வாழும் தோட்டம்

13ஆம் நூற்றாண்டில் இந்நகரின் கடல்வணிகத்தைத் தன் கைக்குள் வைத்திருந்தவர் பூ ஷௌகெங். மேலைநாட்டு முசுலிம் வணிகக் குடியில் வந்த அவர் சுங் அரசின் கடல்வணிக அலுவலராய் இருந்து, பின்னர் மங்கோலியர் பக்கம் சார்ந்தார். அவருடைய மாளிகையும் தோட்டங்களும் நகரின் பெரும்பகுதியைக் கொண்டிருந்தன என்பது மரபு. இன்று அத்தோட்டங்களில் ஒரு செடியும் இல்லை. எஞ்சியவை சந்துகளின் பெயர்களே. ‘தோட்டத் தலைப்பு’ என ஒரு சந்து; ‘சதுரங்கப் பலகைத் தோட்டம்’ என மற்றொன்று. பின்னதில் அழகிய மகளிர் முப்பத்திருவரைக் காய்களாக நிறுத்திச் சதுரங்கம் ஆடினர் என ஊரார் கூறுவர். ஊர்ப்பெயராய்வு வரலாற்றுக்குச் செய்யும் துணைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. அக்குடியின் வழியினர் எனக் கூறிக்கொள்வோர் உள்நாட்டு யுங்சுன் பகுதியில் ஊதுவத்தி செய்யும் தொழிலை மரபாகக் கொண்டுள்ளனர். கடல்வழி வந்த நறும்பொருள், வணிகம் குன்றிய பின்னும் கைத்தொழிலாய் நிலைத்தது.

கடலோரச் சுன்பூ ஊர்ப் பெண்டிர் கடற்சிப்பியும் மீனும் விற்போர். அவர்கள் கூந்தலை முடித்துப் பூமாலைகளை வட்டமாகச் சூடுவர். மல்லிகையும் அவற்றுள் ஒன்று. யுன்லூ என்னும் அயலூர்த் தோட்டங்கள் அப்பூக்களை விளைவித்தன. அத்தோட்டங்களையும் பூ குடியினரே அமைத்தனர் என்பது வாய்மொழி மரபு. மல்லிகைக்குச் சீனத்தில் மோலி என்பது பெயர். மல்லிகா என்னும் வடசொல்லின் திரிபு அது என மொழியறிஞர் கொள்வர். பூச்சூடும் வழக்கம் தமிழகத்தினின்று சென்றது என்று இதனால் முடிவு கட்டுதல் தவறு. சொல் சென்ற வழி வேறு, வழக்கம் வளர்ந்த வழி வேறாகலாம். இத்தகைய வேறுபாட்டைப் பேணாது எழுதிய கட்டுரைகளால் தமிழாராய்ச்சி அடைந்த இழுக்கு சிறிதன்று.

5. தமிழ்க் கல்வெட்டு

இப்பின்னணியில் கல்வெட்டை நோக்குவோம். 1956இல் கிடைத்த அக்கல்லில் தமிழ் வரிகள் ஆறும், இறுதியில் சில சீன எழுத்துகளும் உள்ளன. சகம் 1203, சித்திரை மாதம் என்பது காலக்குறிப்பு, கி.பி. 1281 ஏப்பிரலுக்கு இது பொருந்தும். செகசை கானின் திருமேனி நலத்தின் பொருட்டு, திருக்கதாலீசுவரம் உடைய நாயினாரைச் சம்பந்தப் பெருமாள் என்னும் தவச்சக்கரவர்த்தி எழுந்தருளச் செய்தார் என்பதும், அது கானின் பர்மான்படி நிகழ்ந்தது என்பதும் அதன் செய்தி. செகசை கான் என்பது குப்லாய் கானின் செச்சென் என்னும் பட்டத்தின் தமிழ் வடிவம் என்பர்.

இதனுள் நான்கு குறிப்புகள் ஆராயத்தக்கன.

முதலாவது, அரசனைப் பற்றியது. இக்கோயிலைச் சோழர் கோயில் என எழுதுவோர் உளர். சோழராட்சி 1279இல் முடிவுற்றது. கல்வெட்டில் எத்தமிழ் மன்னனும் குறிக்கப்பெறவில்லை. நலம் வேண்டப்பெற்றவன் மங்கோலியப் பேரரசன். தம் மன்னன் படையைப் பின்தொடர்ந்து வந்தோர் எழுப்பிய வெற்றிக்கல் அன்று இது. அயல் மன்னன் நிழலில் வாழ்ந்தோர் அவன் ஆணை பெற்று அமைத்த கோயில்.

இரண்டாவது, ‘பர்மான்’ என்னும் சொல். இது பாரசீகம். சீன மண்ணில், மங்கோலிய மன்னன் ஆணையைத் தமிழில் எழுதும்போது பாரசீகச் சொல் வந்தமை, அத்துறைமுகத்தில் வணிகர்க்கும் ஆட்சியாளர்க்கும் இடையே வழங்கிய பொதுமொழி எது என்பதைக் காட்டும். அயற்சொற்கள் தமிழிற் புகுந்த வரலாற்றை எழுதுவோர் பிற்காலத்து முசுலிம் ஆட்சியினின்றே பாரசீகச் சொற்களைத் தொடங்குவது வழக்கம். அதற்கும் முன்னரே கடல்வழியாய் ஒரு சொல் வந்து தமிழ்க் கல்லில் ஏறியுள்ளது. இது தனியே ஆராயத்தக்கது.

மூன்றாவது, அமைத்தவர் பெயர். சம்பந்தப் பெருமாள் என்னும் பெயரும் தவச்சக்கரவர்த்தி என்னும் பட்டமும் வணிகர் தலைவனைவிடச் சைவத் துறவு மரபினர் ஒருவரையே நினைவூட்டும். சுமத்திராவின் பாரூசில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் பெயர் வெளிப்படக் காணப்பெறும். ஈண்டு அத்தகைய வணிகக் குழு ஒன்றின் பெயரும் இல்லை. வணிகர் பொருளீந்திருப்பர் என்பது ஊகமேயாயினும், ஒப்புமைச் சான்று இந்நகரிலேயே உண்டு. 1225இல் நூல் எழுதிய கடல்வணிக அலுவலர் சாவோ ருகுவா, 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியத் துறவி ஒருவர் இங்கு வந்ததைக் குறிக்கின்றார். அயல்நாட்டு வணிகர் போட்டியிட்டுப் பொன்னும் பட்டும் மணியும் வழங்க, அவர் தமக்கென ஒன்றும் கொள்ளாது நகரின் தெற்கே வெற்றிடம் வாங்கிப் பௌத்தக் கோயில் எடுத்தார். சந்தையின் பொருள் துறவியின் கைவழியாய்க் கோயிலாகும் முறை இதனால் விளங்கும்.

நான்காவது, காலம். பூ ஷௌகெங் மங்கோலியர் பக்கம் சார்ந்து நான்கைந்து ஆண்டுகளே கடந்திருந்தன. ஆட்சி மாறிய நகரில் அயலார்க்கு முதலில் வேண்டுவது பாதுகாப்பு. அரசனின் நலத்தைக் கோயிலோடு பிணைத்து எழுதியமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். 1281ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குப்லாயின் தூதன் யாங் திங்பி இதே துறைமுகத்திலிருந்து கொல்லம் நோக்கிப் புறப்பட்டுக் காற்று ஒவ்வாமையால் மாபார் எனப்படும் பாண்டியர் கரையில் இறங்கியதையும் உடன் வைத்து எண்ணுதல் வேண்டும். தூதன் தமிழ்க் கரையில் இறங்கிய அவ்வேனிற் பருவத்திலேயே தமிழர் இறைவன் சீன நகரில் எழுந்தருளினான்.

6. சிதறிய கற்கள்

அக்கோயில் இன்று இல்லை. 1357 முதல் 1366 வரை நகரில் நிகழ்ந்த கலகமும், 1368இல் மிங் அரசு எழுந்தபின் அயலார் நிலை தாழ்ந்தமையும் அதன் அழிவுக்குக் காரணங்கள் எனக் கருதுவர். கோயிற்கற்கள் மதிலுக்கும் பிற கட்டடங்கட்கும் பயன்பட்டன. 20ஆம் நூற்றாண்டில் மதில் இடிக்கப்பெற்றபோது அவை மீண்டும் வெளிவந்தன. பள்ளியாசிரியராகிய வூ வென்லியாங் அவற்றைத் தேடித் தொகுத்து 1957இல் நூலாக வெளியிட்டார். அவர் உழைப்பு இல்லையேல் இன்று நாம் பேசுதற்குப் பொருள் பெரிதும் இராது. இந்து சமயத் தொடர்புடைய சிற்பக்கற்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டன கிடைத்துள்ளன.

நகரின் கடல்வணிக அருங்காட்சியகத்தில் உள்ள கல்லொன்றில் யானை மலரேந்தி இலிங்கத்தை வழிபடுகின்றது. திருவானைக்காத் தலவரலாற்றை அறிந்தோர்க்கு விளக்கம் வேண்டா. நின்ற கோலத் திருமால் படிமமும் அங்கு உண்டு. கையுவான் கோயிற் பெருமண்டபத்தின் பின்புறத்தே பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு உள்ளன. இரணியனைப் பிளக்கும் நரசிங்கம், ஆய்ச்சியர் ஆடை கவர்ந்த கண்ணன், உரலுடன் மருத மரங்களினிடையே தவழும் கண்ணன் ஆகிய காட்சிகள் அவற்றில் செதுக்கப்பெற்றுள. தொழுநையாற்றங்கரைக் கண்ணன் செயல் அகநானூற்றிலேயே குறிக்கப்பெறுவது அறிஞர் அறிந்தது. அதே மண்டபத்தின் முன்மேடையடியில் மனித முகமுடைய சிங்க வடிவங்கள் எழுபதுக்கு மேல் வரிசையாய் உள்ளன. கடல்தேவியாகிய தியான்ஹௌவின் கோயிலிலும் இம்மரபுத் தூண்கள் இரண்டு உள. நகரின் தெற்கே சிதியான் என்னும் ஊரில் நாற்கரத் தெய்வ வடிவம் ஒன்றை மக்கள் குவான்யின் எனக் கொண்டு ஊதுவத்தி ஏற்றி வழிபடுகின்றனர்.

கல் உள்நாட்டது, உளியின் போக்கிலும் உள்நாட்டுச் சிற்பியர் கையே புலனாகின்றது. பொருள் நம்முடையது, கை அவர்களுடையது. பின்னர் அக்கற்கள் பௌத்தக் கோயிலுக்கும் கடல்தேவி கோயிலுக்கும் தூணாயின. இதனை அழிவு என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. தூணைத் தூணாகவே நிறுத்தி, சிற்பத்தைச் சிதைக்காது வைத்து, அறியாத தெய்வத்திற்கு அறிந்த பெயரிட்டு வழிபட்ட மக்களால் அவை காக்கப்பெற்றன.

7. நாகையில் ஓர் எதிரொலி

இதற்கு ஒப்பான நிகழ்ச்சி தமிழ்க் கரையிலும் உண்டு. சுவான்சௌவிலிருந்து கடற்செலவு சென்ற வாங் தாயுவான் 1349இல் முடித்த நூலில், செங்கற் கோபுரம் ஒன்று பற்றி எழுதுகின்றார். சீனர் அங்கு வந்து அதனை அமைத்தனர் எனவும், 1267இல் முடிவுற்றது எனச் சீன எழுத்தில் பொறிக்கப்பெற்றிருந்தது எனவும் கூறுகின்றார். அது நாகப்பட்டினத்தைச் சார்ந்தது என ஆய்வாளர் பலர் கருதுவர். நாகையில் புதுவெளிக் கோபுரம் என வழங்கி, 1867இல் இடிக்கப்பெற்ற பழங்கோபுரத்தோடு அதனை இயைப்பாரும் உளர். இவ்வியைபு முற்றும் உறுதிப்படாவிடினும், 1267க்கும் 1281க்கும் இடையே பதினான்கு ஆண்டுகளே என்பது கருதத்தக்கது. சீனர் நம் கரையில் கோபுரம் எடுத்தனர். நம்மவர் அவர் நகரில் கோயில் எடுத்தனர். இரண்டும் வணிகப் பாதையின் இருமுனைகள்.

முடிவுரை

2021இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் சுவான்சௌவின் 22 இடங்களை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. உலகம் ஒரு நகரமாகவே அதனைக் கண்டது. நாமும் அவ்வாறே காணல் வேண்டும். மேற்கூறியவற்றால் போதருவன மூன்று. சுவான்சௌவின் தமிழ்க் கோயில் அரசாட்சியின் விரிவன்று, அங்காடியின் விளைவு. அது தனித்து நின்றதன்று. மசூதியும் பௌத்தக் கோயிலும் கடல்தேவி கோயிலும் சூழ்ந்த நகரில் நின்றது. அதன் எச்சங்கள் எஞ்சியமைக்கு அந்நகர மக்களே காரணர்.

இனிச் செய்யத்தக்கன உள. கல்வெட்டின் தமிழ்ப் பகுதியையும் சீனப் பகுதியையும் இருமொழியும் வல்லார் ஒருங்கிருந்து மீண்டும் படித்தல் வேண்டும். சிற்பக்கற்கள் ஒரு கோயிலினவா பல கோயில்களினவா என்பதைத் தமிழகத்துப் பாண்டியர் காலக் கட்டடக் கூறுகளோடு அளவெடுத்து ஒப்பிடல் வேண்டும். சீன நூல்களில் தமிழ்த் துறைமுகங்கள் பற்றிய பகுதிகளை மூலத்திலிருந்து நேரே தமிழாக்கல் வேண்டும். முதுகலை மாணவர் சிலரேனும் செம்மொழிச் சீனம் பயின்றாலன்றி இவை நிறைவேறா. நம் கல்லைப் பற்றி அவர்கள் எழுதியதை நாம் மூன்றாம் மொழி ஒன்றின் வழியே படிக்கும் நிலை நீடிக்கலாகாது.